திரையிலே கூடவா தீண்டாமை?



ஊமைப்படம் அது. நாயகி வசனம் பேசவில்லை, பாட்டுப் பாடவில்லை, எவரையும் பழித்துரைக்கவுமில்லை. வெள்ளைத் திரையிலே நிழலாக வந்தார், அவ்வளவே! அதற்கே கொதித்தது சாதி ஆணவம். பறந்தன கற்கள். கிழிந்தது திரை!

நடந்த இடம் திருவனந்தபுரம் கேப்பிடல் கொட்டகை. படம் 'விகதகுமாரன்', மலையாள நாட்டின் முதல் கதைப்படம். 1928-ல் வந்தது என்பர் சிலர். 1930 என்பர் சிலர். எடுத்தவர் ஜே. சி. டேனியல். நாயகி பி. கே. ரோசி.

யார் இந்த ரோசி? சீமாட்டி அல்ல, சிங்காரப் பதுமையும் அல்ல. புலையர் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த உழைப்பாளிப் பெண். காக்காரிசி நாடகத்திலே ஆடிப் பாடிப் பழகியவர். டேனியல் அழைத்தார்; வந்தார்; கூலி பெற்று நடித்தார். ஏற்ற வேடம், சரோஜினி என்னும் நாயர் பெண். அதுதான் அவர் செய்த 'குற்றம்'!

வேடந்தானே என்பீர்கள். ராஜபார்ட் போடுகிறவனை எவரேனும் அரண்மனைக்கு உரிமை கேட்டான் என்று அடித்ததுண்டா? இல்லை. ஆனால், தாழ்த்தப்பட்ட பெண் நாயர் பெண்ணாக நடித்தால் மட்டும் பொறுக்காதாம்! அவர் கூந்தற் பூவை நாயகன் முத்தமிடும் காட்சி கண்டு கூச்சலிட்டனர். தாம் நடித்த படத்தை அந்தக் கூட்டத்தோடு அமர்ந்து பார்க்கவும் ரோசிக்கு இடமில்லை. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தனர். உயிர் தப்ப ஊரை விட்டோடினார். லாரி ஓட்டும் தொழிலாளி ஒருவர் அவருக்கு வாழ்வளித்தார். நாகர்கோவில் பக்கத்திலே ராஜம்மாளாக வாழ்ந்தார். நடித்தது அந்த ஒரே படம்!

வியப்பென்ன? 1924-ல் வைக்கத்திலே தெருவில் நடக்கும் உரிமை கேட்டுப் பெரியார் சிறை புகுந்தாரே, அந்தத் திருவிதாங்கூர்தானே இது! அங்கே கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். தெருவிலே தடை, கோயிலிலே தடை, வெறும் நிழலுக்கும் தடை!

டேனியலும் நொடித்தார்; மறுபடம் எடுக்கவில்லை. ஆயினும் 1992 முதல் அவர் பெயரால் கேரள அரசு விருது வழங்குகிறது. நல்லது, வரவேற்கிறோம். ரோசிக்கு? 2019-ல்தான் கேரளத் திரையுலகப் பெண்கள் அவர் பெயரால் ஒரு திரைப்படச் சங்கம் கண்டனர். 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பிலே அவர் உருவைத் தீட்டியது. முதலாளிக்கு முதலில், கூலிக்காரிக்குக் கடைசியில்! மரியாதையிலும் வரிசை இருக்கிறது பாருங்கள்.

அது மலையாள நாட்டுக் கதை, நாம் தூயவர் என்று மார்தட்ட வேண்டாம். 2016-ல் உடுமலைப்பேட்டையில், காதலித்து மணந்த இளைஞனைப் பட்டப்பகலிலே வெட்டிச் சாய்த்தது எந்த ஆணவம்? அன்று கல்லெறிந்த அதே ஆணவம்தான்! திரையிலே காதலுக்குக் கை தட்டிவிட்டுத் தெருவிலே அரிவாள் தூக்குகிறது.

'விகதகுமாரன்' படச்சுருள் இன்றில்லை. ஆகவே நாம்தான் சொல்ல வேண்டும். படிப்பகத்திலே சொல்லுங்கள், ஆலை வாயிலிலே சொல்லுங்கள், வீட்டிலே மகளிடமும், முக்கியமாக மகனிடமும் சொல்லுங்கள்: ரோசி என்றொரு நடிகை இருந்தார், அவரை விரட்டியது சாதி என்று!