கிராம்பா, ஜாதிக்காயா? குற்றால மலையடியில் எதை நடலாம்?

சீசன் தொடங்கிவிட்டால் ஐந்தருவி சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானுக்கும் ரம்புத்தானுக்கும் பக்கத்திலேயே கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரிப் பொட்டலங்களும் தொங்கும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் விலை கேட்பார்கள். கையில் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்பார்கள்: "இந்த மரம் நம்ம தோட்டத்துல வருமா?"

இரண்டும் வரும். ஆனால் ஒரே தோட்டத்தில் ஒரே கவனிப்பில் இரண்டும் ஒன்றுபோல வந்துவிடாது. விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். நட்ட மரமோ ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்கும். அதனால் சந்தை நிலவரத்தைப் பார்க்கும் முன் தண்ணீர், நிழல், பறிப்புக்கு ஆள் ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

கப்பலில் வந்த கன்றுகள்

இலவங்கமும் சாதிக்காயும் தமிழருக்குப் புதியவை அல்ல. தாம்பூலத்தோடு சேரும் பஞ்சவாசப் பொருள்களில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் பல நூற்றாண்டுகள் சரக்கு மட்டுமே கடல் கடந்து வந்தது, மரம் வரவில்லை. இரண்டுக்கும் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஜாதிக்காய் அங்குள்ள பண்டா தீவுக்கூட்டத்துக்கு உரியது. அந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள், முளைக்கும் விதை வெளியே போய்விடாமல் காவல் காத்தார்கள்.

1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைக் கைப்பற்றியதும் காவல் உடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித், கம்பெனித் தோட்டங்களுக்காகக் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். 1800ஆம் ஆண்டையொட்டி குற்றாலத்தில் கம்பெனி அமைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்தில்தான் இந்தியாவில் கிராம்பு வேரூன்றியது. 1850க்குப் பிறகு அது நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைச்சரிவுகளுக்கும் பரவியது. அந்தச் சரிவுகளில் ஒரு பகுதிதான் இன்றைய கன்னியாகுமரி மாவட்ட மலைகள். நாட்டின் கிராம்பு விளைச்சலில் பெரும்பங்கு இன்று அங்கிருந்தே வருகிறது. 'கன்னியாகுமரி கிராம்பு' 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஜாதிக்காயில் முன்னிற்பது கேரளம்.

குற்றாலத்தைக் கம்பெனிக்காரர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைக் கொண்டுவருகிறது. இரண்டு மரங்களுக்கும் ஆண்டுக்கு 150 சென்டிமீட்டருக்குக் குறையாத மழையும், ஈரக்காற்றும், இலைமக்கு நிறைந்த, தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். மலையடிவாரத்தில் இவை கிடைக்கும். கிழக்கே சமவெளிக்கு இறங்க இறங்க மழை குறைந்துவிடும். அங்கே பாசனம் இல்லாமல் இவற்றை நினைக்கவே கூடாது.

மொட்டில் ஒன்று, காயில் ஒன்று

கிராம்பு, நாவலும் கொய்யாவும் சேர்ந்த குடும்பத்து மரம். நாம் வாங்குவது அதன் விரியாத பூமொட்டு. விரிந்துவிட்டால் மதிப்புப் போய்விடும். ஆகவே மகரந்தம் சேர்ந்ததா, காய் பிடித்ததா என்று விவசாயி கவலைப்பட வேண்டியதில்லை.

ஜாதிக்காயில் கதையே வேறு. காய் பிடித்தால்தான் வருமானம். பூத்து ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் காய் முற்றி வெடிக்கும். உள்ளே கருப்பு ஓட்டுக்குள் இருக்கும் பருப்புதான் ஜாதிக்காய். ஓட்டின் மேல் வலைபோலப் படர்ந்த செந்நிற உறை ஜாதிபத்திரி. ஒரே காயில் இரண்டு சரக்கு.

ஆணா, பெண்ணா?

ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைக்கன்று நட்டால் ஏறத்தாழ பாதி ஆணாகப் போகும். அது பூக்கும்வரை, அதாவது ஆறேழு ஆண்டுகள், எது எதுவென்று தெரியாது. தெரிந்த பிறகு வெட்டவும் மனம் வராது. அதனால் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றே பாதுகாப்பு. மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்பைத் தொடங்கிவிடும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் போதும். தோட்டத்தில் ஏற்கெனவே ஆண் மரங்கள் மிகுந்திருந்தால், அவற்றின் மேல் பெண் மரத்து மொட்டுக் கட்டி மாற்றிக்கொள்ளலாம்.

கன்று வாங்கும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ஒட்டு எந்தத் தளிரிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. நேராக மேலெழும் தளிரில் எடுத்த ஒட்டு மரமாக உயரும். பக்கக் கிளையில் எடுத்தது புதர்போலப் படரும். இரண்டும் காய்க்கும், ஆனால் நடவு இடைவெளி வேறு.

கிராம்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. பெரும்பாலும் விதைக்கன்றுகளே நடப்படுகின்றன. ஆனால் பொறுமை வேண்டும். நாற்றங்காலிலேயே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகே நடவு. முதல் மொட்டு வர ஏழெட்டு ஆண்டுகள், முழு விளைச்சலுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். இரண்டு மரத்தின் விதையும் காய்ந்தால் முளைக்காது. பழுத்து விழுந்ததும் ஊன்றிவிட வேண்டும்.

நடவும் பராமரிப்பும்

கிராம்புக்கு 6 முதல் 7 மீட்டர் இடைவெளி, முக்கால் மீட்டர் குழி. உயர்ந்து வளரும் ஜாதிக்காய்க்கு 8 முதல் 9 மீட்டர் இடைவெளி, 90 சென்டிமீட்டர் குழி. இளங்கன்றுகள் இரண்டுக்கும் நிழல் கட்டாயம், வாழை வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த பிறகும் ஜாதிக்காய்க்கு அரைநிழல் பிடிக்கும். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த தென்னந்தோப்பு அதற்கு ஏற்ற வீடு. கோடையில் தண்ணீர் தவறினால் முதலில் வாடுவதும் அதுதான்.

இரண்டுக்கும் வேர் ஆழம் போகாது. மரத்தடியில் ஆழமாகக் கொத்தக்கூடாது. சருகு மூடாக்குப் போடுவது நல்லது. ஆடிக்காற்று நேராக அடிக்கும் இடமானால் மேற்கே காற்றுத் தடுப்பு மரங்கள் வேண்டும். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் கிரெனடா, 2004 செப்டம்பரில் வீசிய ஐவன் சூறாவளியில் தன் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியை இழந்தது.

முதல் ஆண்டு இரண்டு மரத்துக்கும் தொழு உரத்தோடு 20 கிராம் தழைச்சத்து, 18 கிராம் மணிச்சத்து, 50 கிராம் சாம்பல் சத்து கொடுத்து, ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பதினைந்து வயதில் கிராம்புக்கு முறையே 300, 250, 750 கிராம். ஜாதிக்காய்க்கு 500, 250, 1,000 கிராம். இரண்டாகப் பிரித்து மே–ஜூனிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் இடலாம்.

கிராம்பின் பகை தண்டுத் துளைப்பான். அடிமரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். ஜாதிக்காய்க்குப் பகை காயழுகல். மழைக்கு முன்பே ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்க வேண்டும்: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ.

பறிப்பில்தான் பாடு

கிராம்பு மொட்டு பச்சை மாறி இளஞ்சிவப்புக்குத் திரும்பும் சில நாட்களுக்குள் பறித்தாக வேண்டும். 10 மீட்டருக்கு மேல் உயரும் மரத்தில் ஏணி வைத்து, கிளை முறியாமல், கொத்துக் கொத்தாக. கிளை முறிந்தால் அடுத்த பூப்பும் கெடும். நாலைந்து நாள் வெயிலில் காய்ந்தால் பத்துக் கிலோ மொட்டு மூன்று கிலோவாகும். ஓர் ஆண்டு நிறையப் பூத்தால் மறு ஆண்டு குறையும். ஏறத் தெரிந்த ஆள் கிடைக்காத ஊரில் கிராம்பு வைப்பது வீண்.

ஜாதிக்காய்க்கு ஏற வேண்டிய தேவை குறைவு. வெடித்து விழுவதைப் பொறுக்கலாம், துரட்டியாலும் பறிக்கலாம். சிக்கல் உலர்த்துவதில். அது மிகுதியாக முற்றுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது குற்றாலத்தில் வெயில் முகம் காட்டாத அதே சாரல் காலத்தில். ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், பத்திரியின் நிறம் கெடும். உலர்த்தும் கூடமோ உலர்ப்பானோ இல்லாமல் இங்கே ஜாதிக்காயில் இறங்கக் கூடாது.

பயன்

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் வலியை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும் பசையிலும் அது உண்டு. ஜாதிக்காயும் பத்திரியும் மசாலாவுக்கும் மருந்துக்கும் போகின்றன. குழந்தைகளுக்கான உரைமருந்தில் ஜாதிக்காய்க்குப் பழைய இடம். வெளித்தோலையும் ஊறுகாய், ஜாம் ஆக்கலாம். ஆனால் அளவு முக்கியம். ஜாதிக்காய் சில கிராம் கூடினாலே வாந்தியும் மனக்குழப்பமும் வரும். கிராம்பு எண்ணெய் சிறு குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. நல்ல கிராம்பு தண்ணீரில் மூழ்கும், எண்ணெய் எடுத்த சக்கை மிதக்கும். பத்திரி என்ற பெயரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு ஜாதிக்காய்ப் பத்திரி கலந்திருந்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடும்.

எது யாருக்கு?

கோடையிலும் வற்றாத கிணறும் முதிர்ந்த தென்னந்தோப்பும் உள்ளவருக்கு ஜாதிக்காய் ஒட்டுக்கன்று. உலர்த்த வழி செய்துகொண்டு தொடங்கலாம். மழை நன்றாக விழும் மலைச்சரிவு, வடிகால், மரம் ஏறும் ஆட்கள், பதினைந்து ஆண்டு காத்திருக்கும் தெம்பு உள்ளவருக்குக் கிராம்பு. வீட்டுக்கொல்லையில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் கிராம்பே மேல்: ஒற்றை ஜாதிக்காய் மரம் பெண்ணாகவே இருந்தாலும், பக்கத்தில் ஆண் மரம் இல்லாவிட்டால் காய்க்காது.