இருமல் 3 வாரம் தாண்டுதா? டி.பி. என்று மட்டும் நினைச்சிராதீங்க!

நெல்லை: "பீடி குடிக்கிற இருமல்தானே அண்ணாச்சி, தானாப் போயிரும்." டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நுரையீரல் புற்றுநோயும் இப்படி ஒரு சாதாரண இருமலாகத்தான் தொடங்கும்.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என இந்தப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். பீடி சின்னது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பீடி இலை சீக்கிரம் அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நச்சுப்புகை நெஞ்சுக்குள் கூடுதலாகப் போகிறது.

புகைப் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950லேயே இங்கிலாந்து ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் எடுத்துக் காட்டினார்கள். பீடியே தொடாதவருக்கும் இது வரலாம். பக்கத்தில் இருப்பவர் விடும் புகை, விறகு அடுப்புப் புகை, கல்நார் தூசி, காற்று மாசு ஆகியவையும் காரணம்.

டி.பி.யா, புற்றுநோயா?

விடாத இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிதல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு. இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றுதான். எக்ஸ்ரே படத்திலும் ஒன்றுபோலத் தெரியலாம். குழப்பமே இங்கேதான். சளி டெஸ்டில் டி.பி. கிருமி இல்லை, மருந்து சாப்பிட்டும் இருமல் குறையவில்லை என்றால், "சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். டி.பி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால் மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டோ, ஊசி மூலமோ சிறு சதை எடுத்து சோதிப்பார்கள். "ஊசி குத்தினா நோய் பரவிரும்" என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். சதை டெஸ்ட் இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாது. வகை தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது.

என்ன சிகிச்சை?

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாம். குணமாகும் வாய்ப்பும் அதிகம். பரவிவிட்டால் கீமோ, கதிர்வீச்சு சிகிச்சை தருவார்கள். சிலருக்கு மாத்திரையாகவே மருந்து உண்டு.

செலவை நினைத்து வீட்டில் முடங்க வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பீடியை விட 1800112356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம். விட்டு 10 வருஷம் ஆனால், தொடர்ந்து குடிப்பவரைவிட இந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். எத்தனை வயசானாலும் விடுவது லாபம்தான்.