தாத்தா காருக்குப் புது என்ஜினா? ஆசைப்படும் முன் இதைப் படிச்சிடுங்க!

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை. பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் எல்லா கார்களும் சீறிப் பாய்கின்றன. அங்கே 60 வயது ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஓட்டினால், பின்னால் வரும் லாரியே ஹாரன் அடிக்கும். ‘இதுக்கு ஒரு மாருதி என்ஜினை மாட்டிட்டா என்ன?’ என்ற ஆசை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஹெரால்டு நம்ம ஊர் கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்தது. 948 சிசி என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன்தான். ஆனால், என்ஜின் மாற்ற ஆசைப்படுபவர்களுக்கு வசதியான வண்டி. சேஸி தனி, மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் பானெட்டாகத் திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

கம்பெனியே செய்த மாற்றம்

இங்கிலாந்தில் ஹெரால்டைத் தயாரித்த டிரையம்ப் நிறுவனமே 1962-ல் அதே பாடியில் 1,596 சிசி, 6 சிலிண்டர் என்ஜினை வைத்து ‘விட்டெஸ்’ என்ற காரை விற்றது. 70 குதிரைத்திறன்! ஆனால், என்ஜினை மட்டும் மாற்றவில்லை. சேஸியை பலப்படுத்தினார்கள், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். நம் அம்பாசடருக்கு இசுசு என்ஜின் வந்தபோதும், கூடவே 5 கியர் பாக்ஸும் வந்தது.

காரணம் எளிது. 35 குதிரைத்திறனுக்காகச் செய்த டிரம் பிரேக், இரட்டிப்பு வேகத்தில் வரும் காரை நிறுத்தத் திணறும். என்ஜின் மவுன்ட், கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் என ஒவ்வொன்றாகச் செலவு இழுக்கும். அதிலும் ‘வெயிலூர்’ என்று பெயரெடுத்த ஊரில், பெரிய என்ஜினுக்குச் சின்ன ரேடியேட்டர் என்றால் மே மாதத்தில் கார் பாதி வழியிலேயே கொதித்து நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் சொன்ன விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

போனால் வராத அந்தஸ்து

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார்களை ‘வின்டேஜ்’ எனப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும்தான். முக்கிய நிபந்தனை, சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 1971 வரை தயாரான ஹெரால்டுகளுக்கெல்லாம் இப்போது அந்த வயது வந்துவிட்டது. பழைய என்ஜினைக் காயலான் கடையில் போட்டுவிட்டால், அந்த வாய்ப்பும் அதோடு போய்விடும்.

அப்படியானால் எதைத்தான் செய்யலாம்? கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிரேக் லைனிங்கை மாற்றுங்கள், ரேடியேட்டர் அடைப்பை எடுங்கள். பழைய என்ஜினே பாதி உயிர் பெற்றுவிடும். அதற்கு மேலும் காசு மிச்சமிருந்தால், கிழிந்த ரெக்ஸின் சீட்டுக்கு நல்ல தோல் உறை போடுங்கள். அதற்கு ஆம்பூர், ராணிப்பேட்டையை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை!