வெள்ளைக்காரரின் கிதாரும் நம்மூர்ப் பானையும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு. போன மழைக்காலத்தில் அங்கே ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே ஒரே மூடுபனி. வீட்டுப் பெரியவர் பழைய இசைத்தட்டு ஒன்றைச் சுழல விட்டார். கிதார் குதிரை வேகத்தில் ஓடியது. அதற்குச் சளைக்காமல் கூடவே இன்னொரு சத்தம்!

“தாத்தா, யாரு பானையைத் தட்டுறாங்க?” என்று பேரன் கேட்டான்.

“அது கடம்டா! வாசிக்கிறவர் நம்ம விக்கு விநாயக்ராம்!”

கிதார் வாசித்தவர் ஜான் மெக்லாலின். 1942-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1971-ல் அமெரிக்காவில் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவை அமைத்தார். ராக் இசையின் இடிமுழக்கமும் சாஸ்திரீய சங்கீதத்தின் நுட்பமும் அதில் கலந்திருந்தன. மின்சாரக் கிதார் அலறியது, இளைஞர்கள் மயங்கினார்கள்.

அவரோ வீணை கற்கப் போய்விட்டார்! அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் எஸ். ராமநாதன்தான் குரு.

பிறகு மின்சாரக் கிதாரை ஒதுக்கிவிட்டு, ‘சக்தி’ என்ற குழுவோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். எல். சங்கர் வயலின், ஜாகீர் உசேன் தபேலா, விநாயக்ராம் கடம். அதற்கென்றே ஒரு கிதார் செய்வித்தார். விரல் ஓடும் பலகையை இடையிடையே குழித்திருந்தார்கள். தந்தியை அழுத்தினால் வீணைபோலக் கமகம் பேசும். குறுக்கே 7 துணைத் தந்திகள் வேறு!

நம் கச்சேரிகளில் கடத்துக்குப் பின்வரிசைதான். ‘சக்தி’யில் அது முன்வரிசைக்கு வந்தது. 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன். காப்பி இங்கே வந்தது. கடம் அங்கே போனது. கணக்குச் சரி!

ஆனால், மின்சார முழக்கத்தை எதிர்பார்த்த ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மூன்று இசைத்தட்டுகளோடு, 1978-ல் குழு கலைந்தது.

மகன் வந்தார்

1997-ல் மெக்லாலினும் ஜாகீர் உசேனும் மறுபடி கூடினார்கள். பின்னர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். தந்தை கடம் வாசித்த இடத்தில், மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். 2014-ல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். அவருக்கு வயது 45தான். பாடகர் சங்கர் மகாதேவனும், வயலின் கணேஷ் ராஜகோபாலனும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 2023-ல் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது! அதே ஆண்டு டிசம்பரில் ஜாகீர் உசேன் காலமானார்.

அதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. இசைத்தட்டும் நின்றுவிட்டது. சமையலறையில் மட்டும் ‘டக்... டக்...’ ஓயவில்லை.

“அடேய், தண்ணிப் பானைடா! உடைச்சுடாதே!” என்று பாட்டி கத்தினாள்.