பெயர் இருந்த ஒரே பட்டியல்

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானாவின் முயற்சியால் உருவான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், பாலியல் தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் பணியை அவர்களுள் ஒருவரிடமே ஒப்படைத்தது. 'சக கல்வியாளர்' எனப்படும் அந்தப் பெண், தொழில் ஓய்ந்திருக்கும் பகற்பொழுதில் ஆணுறைப் பையுடன் வீடு வீடாக ஏறி இறங்கி, வாசற்படியில் அமர்ந்து வாடகை பாக்கியையும் பிள்ளையின் படிப்பையும் பற்றிப் பேசி, அந்தப் பேச்சினூடே வெள்ளைப்படுதல் உண்டா, அடிவயிற்றில் வலி உண்டா என்று கேட்டறிந்து, தேவைப்பட்டவரைக் கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வார். பின்னர் நாடெங்கும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பணி இந்த வழிமுறையையே பின்பற்றியதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பால்வினை நோய்ப் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனையும் இப்பெண்களின் நடையை நம்பியே நடந்துவந்தன.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய முழு ஊரடங்கு அந்த நடையை நிறுத்தியது. எச்.ஐ.வி. கிருமியை உடலில் பெருகவிடாமல் தடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையில் ஒரு நாளும் மாத்திரை தவறக்கூடாது என்பதால், பல மாதங்களுக்குரிய மருந்தை ஒரே தவணையில் கொடுக்கவும், இயன்றவரை இருப்பிடத்துக்கே கொண்டுசேர்க்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. இது பாராட்டுக்குரிய ஏற்பாடு. ஆனால், செய்யும் தொழிலையே வீட்டாரிடம் மறைத்து வாழும் ஒரு பெண், குடும்பமே நாள் முழுவதும் அடைந்து கிடக்கும் ஒற்றை அறையில் அந்த மாத்திரைப் புட்டிகளை எங்கே ஒளித்து வைப்பாள் என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இருக்க முடியாது. தொழில் நின்றும் வாடகையும் வட்டியும் நிற்காத நிலையில், கிடைத்த ஓரிரு வாடிக்கையாளரிடம் ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்தும் வலிமையும் குறைந்துபோகும். பசியைத் தனியாகவும் நோயைத் தனியாகவும் பார்க்கும் நிர்வாகப் பழக்கம் தவறானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

குடும்ப அட்டை இல்லாதவருக்கு நிவாரண அரிசியும் எட்டாக்கனியாயிற்று. பாலியல் தொழிலாளரே நடத்தும் 'துர்பார்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியதன் பேரில், பாலியல் தொழிலாளர் நலன் குறித்து அங்கு நடந்துவந்த புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2020 செப்டம்பர் 29-இல் பிறந்த ஆணை, அடையாளச் சான்று கேட்காமல் உலர் உணவுப் பொருள்களை வழங்குமாறு மாநிலங்களைப் பணித்தது. மகாராஷ்டிரம் அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 5,000 ரூபாய் உதவியும் அறிவித்தது. ஆனால், யாருக்குக் கொடுப்பது? உரியவர்களை அடையாளம் காண நீதிமன்றம் முதன்மையாக நம்பியது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பதிவுகளைத்தான். சென்னையில் பாலியல் தொழிலாளரிடம் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது முதலே, அரசின் கண்ணுக்கு இப்பெண்கள் நோய் பரவும் வழியாக மட்டுமே தெரிந்துவந்தனர். பட்டினிக் காலத்தில் அவர்களைக் குடிமக்களாகத் தேடியபோதும் கைக்கு அகப்பட்டது அந்த நோய்த்தடுப்புப் பட்டியல்தான். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியின் பேரில் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் அது. அரிசிக்காக அதைத் திறந்தால் அந்த உறுதி குலையும், திறக்காவிட்டால் உலை ஏறாது. எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்த தொண்டு நிறுவனங்களின் கண்ணிலேயே படாமல் தொலைபேசி வழியாகத் தொழில் செய்தவர்களோ அந்தப் பட்டியலிலும் இல்லை.

2021 மே 8-இல் ஸ்மரஜித் ஜானாவும் கொரோனாவுக்குப் பலியானார். அடுத்த ஆண்டு மே 19-இல் அதே வழக்கில் உச்ச நீதிமன்றம், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றையே ஏற்றுப் பாலியல் தொழிலாளருக்கு ஆதார் அட்டை வழங்க வேண்டும் என்றும், அவர் இன்ன தொழில் செய்பவர் என்று காட்டும் குறியீடு எதுவும் ஆதார் பதிவு எண்ணில் இருக்கக்கூடாது என்றும் ஆணையிட்டது.