வண்டி இடித்துவிட்டதா? “வம்பு வேண்டாம்” என்று போய்விடாதீர்கள்

காலை ஆறரை மணி. தாராவி 90 அடி சாலையில் நம்மவர் ஒருவர் வேலைக்கு நடந்து போகிறார். நடைபாதையில் கடைச் சாமான்களும் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களும் இடத்தை அடைத்துக் கொண்டிருப்பதால், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் வந்த டெம்போ அவரை இடித்துத் தள்ளிவிடுகிறது. கூட்டம் கூடுகிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஓடி வந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் காதோடு சொல்கிறார்: “அண்ணாச்சி, வாங்கிக்கிடுங்க. போலீசு, கோர்ட்டுன்னு நமக்கு எதுக்கு வம்பு? பாஷையும் சரியாத் தெரியாது.”

பணம் கைமாறுகிறது. டெம்போ போய்விடுகிறது. இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்க்கிறார். மூன்றாம் நாள் கால் வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. ஐயாயிரம் ரூபாய் மருந்துக் கடையிலேயே கரைந்துபோகிறது. கையில் காசில்லை, வேலையும் இல்லை. பிறகு என்ன? ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

இந்த மனிதர் கற்பனை என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் இப்படி ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடியிருப்பு மும்பையில் உண்டா? தாராவியிலும் வடாலாவிலும் செம்பூரிலும் இருக்கும் வாசகர்களே சொல்லட்டும்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கணக்குப் பார்த்தால் நாள் ஒன்றுக்குத் தொண்ணூறு பேர். உயிர் பிழைத்து, கை கால் முடங்கிப் போனவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பணம் யாருடையது?

“டிரைவரும் நம்மைப் போல ஏழைதானே, அவன் வயிற்றில் அடிப்பானேன்?” என்று நம்மவர் பலர் இரக்கப்படுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் நஷ்டஈட்டுப் பணம் பெரும்பாலும் டிரைவரின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் தனியார் வண்டிகளுக்கெல்லாம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். வண்டியில் ஏறாமல் தெருவில் நடந்து போகிற நாம்தான் அந்த மூன்றாம் நபர். நமக்காகத்தான் சொந்தக்காரர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்.

டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லாவிட்டால்? முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. இன்ஷூரன்ஸே இல்லாத வண்டியானால் சொந்தக்காரரே பொறுப்பு.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். எலும்பு முறிவு என்பது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் 164-ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும், உயிரிழப்புக்கு ஐந்து லட்சமும் கேட்கலாம். நமது மனிதர் ஐயாயிரத்துக்கு விட்டுக் கொடுத்தது எதை என்று இப்போது தெரிகிறதல்லவா?

முதல் நாள் செய்ய வேண்டியவை

அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லாதபோது உடன் இருப்பவர்தான் இவற்றைச் செய்தாக வேண்டும்.

வண்டி எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். இப்போது கைப்பேசி இல்லாதவர் யார்? வண்டியையும் இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால், பதிவு அழிவதற்குள் போலீசாரிடம் சொல்லுங்கள்.

காயம் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு இடித்தது என்று டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் கொண்டு “வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், பின்னால் அந்த ஒரு வரியே நமக்கு எதிர்ச் சாட்சியாகிவிடும். கேஸ் பேப்பர், எக்ஸ்ரே, மருந்து ரசீது, டாக்ஸி ரசீது எதையும் எறியாதீர்கள்.

சிகிச்சைச் செலவுக்காக 2025 மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதன்படி, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சையைக் கைப்பணம் கட்டாமல் பெறலாம். சேர்க்கும்போதே இதைக் கேளுங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவர்களுக்கும் பயம் வேண்டாம். உதவி செய்தவரைச் சிவில் வழக்கிலோ கிரிமினல் வழக்கிலோ மாட்டிவிடக் கூடாது என்று 2019-இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பெயர் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது.

அடுத்தது போலீஸ் நிலையம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மும்பையில் அது மராத்தியில் எழுதப்பட்டிருக்கும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டியது போலீசாரின் கடமை. மராத்தி அறிந்த நண்பரை அழைத்துப் போய், பொருள் விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பஞ்சநாமாவின் நகலும் பின்னால் தேவைப்படும். வண்டிக்காரர் எழுதிக் கொண்டு வரும் சமாதானத் தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

“மூன்று நாள் ஆகிவிட்டதே, இனி என்ன செய்ய?” என்று சோர்ந்துவிடக் கூடாது. புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டு மனுவைத் தள்ளிவிடக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கால் வீங்கிய அந்த மூன்றாம் நாளும் காலம் கடந்த நாள் அல்ல.

ஆறு மாதம் என்ற எல்லை

நஷ்டஈடு கேட்க வேண்டிய இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டு, காலம் கடந்தது என்று மனுக்களைத் தள்ள வேண்டாமென 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனாலும் அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆறு மாதத்தையே எல்லையாக வைத்துக் கொள்ளுங்கள். போலீசார் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதையே மனுவாக ஏற்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அனுப்பினார்களா என்று போய் விசாரிப்பது நம் வேலை.

“ஊருக்கு வந்துவிட்டேன். கேசுக்காக மும்பைக்கும் ஊருக்கும் அலைய முடியுமா?” என்று கைவிட்டவர்கள் ஏராளம். இங்கேதான் நம்மவர் முக்கியமாக அறிய வேண்டிய செய்தி இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். தாராவியில் கணவனை இழந்த பெண் திருநெல்வேலிப் பக்கம் வசித்தால், அங்கேயே, தமிழில் பேசும் வக்கீலைக் கொண்டே கேட்கலாம். ஆனால் மும்பைக் காகிதங்களைக் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

தவறு வண்டியோட்டியுடையது என்று காட்ட முடிந்தால் 166-ஆம் பிரிவின்படி அதிகம் கிடைக்கும். கணக்கு இப்படிப் போகிறது. முப்பத்து நான்கு வயதான ஒரு சுமைத் தொழிலாளி மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார், ஆண்டுக்கு 1,80,000. நாற்பது வயதுக்கு உட்பட்டவராதலால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. விபத்தால் அவர் சம்பாத்தியத் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் கருதினால், வருமான இழப்பு மட்டும் 12,09,600 ரூபாய். மருத்துவச் செலவு, வேதனைக்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

ஊனத்தின் அளவு வேறு, வருமான இழப்பின் அளவு வேறு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு கை போனால், அரசாங்கக் குமாஸ்தாவின் வேலை நிலைக்கலாம். டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். ஆகவே என்ன வேலை செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் பாஸ்புத்தகம், முதலாளியின் கடிதம், கூலி கொடுத்த குறிப்பு என எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள்.

இடித்துவிட்டு ஓடிவிட்டால்

வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், இத்தகைய விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயம் பட்டவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது உட்கோட்ட அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்த உதவி உண்டு என்பதைப் போலீசாரே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த உத்தரவு பிறந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 2012-இல் அவர் தொடுத்த அதே வழக்கில்தான், நடைபாதையில் தடையின்றி நடப்பது குடிமக்களின் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் நீதிமன்றம் கூறியது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே!

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்த்து வழங்கப்படும். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரிலும் போகலாம்.

மருத்துவமனை வாசலில் வந்து, “கேசை நான் பார்த்துக்கறேன், கிடைக்கிறதில் பாதி எனக்கு” என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிகளால் தடை செய்யப்பட்டது. லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் வழக்கு விரைவில் முடியும். ஆனால் அங்கே முடிவானதற்கு அப்பீல் இல்லை. தொகை போதுமா என்று வீட்டாரோடு கலந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

வராமல் காப்பது

கோடு போட்ட இடத்தில், சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாதபோது, நடப்பவருக்கே முதல் வழி என்று விதி இருக்கிறது. டிரைவருக்கு அது நினைவிருக்கும் என்று நம்பிக் காலை வைக்காதீர்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் குறுக்கே ஓடாமல், பஸ் போன பிறகு கடக்க வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுவது நல்லது. பின்னுக்கு வரும் லாரி, டெம்போவின் பின்னால் நிற்கவே கூடாது.

இவ்வளவும் செய்து, அதற்கு மேலும் அடிபட்டால், மறுபடியும் அந்த ஊர்க்காரர் காதோடு பேச வருவார். அவர் கெட்டவர் அல்லர், விவரம் தெரியாதவர். இந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தால், “அண்ணாச்சி, முதல்ல வண்டி நம்பரைக் குறிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம், பிறகு ஸ்டேஷனுக்குப் போவோம். நான் கூட வாரேன்” என்று அவரே சொல்வார். அடிபட்டவருக்கு அந்த வார்த்தை ஐயாயிரம் ரூபாயைவிடப் பெரிய உதவி.