மூச்சாத் துணிக்கும் ஒரு முறை இருக்கு!



கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு புதுச் சண்டை. "ராத்திரி பகல்னு டயாப்பரை மாட்டி வச்சா குழந்தைக்குக் காத்து எப்படிடி படும்?" என்கிறாள் அம்மா. "துணி துவைக்க யாருக்கும்மா நேரம் இருக்கு? தண்ணி லாரிக்கு போன் பண்ணியே கை ஓஞ்சு போச்சு" என்கிறாள் பெண். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மயிலாப்பூரில் ஒரு பேரனையும் அடையாறில் ஒரு பேத்தியையும் வளர்க்கக் கை கொடுத்தவள் என்ற உரிமையில், துணியை எப்படிக் கையாண்டால் வேலை குறையும், குழந்தைக்கும் கெடுதல் வராது என்று எழுதுகிறேன்.

எந்தத் துணி நல்லது?

நம் பாட்டிமார் எட்டு முழ வேட்டி கிழிந்தால் தூக்கி எறிய மாட்டார்கள். சதுரமாகக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்துவிடுவார்கள். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, சாயமும் இருக்காது. ஈரத்தையும் நன்றாக இழுக்கும். பெயர் வைக்கும் நாள் வரை புதுத் துணி போடக் கூடாது என்று பல வீடுகளில் சொல்வதற்குள் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது. பழைய வேட்டி கிடைக்காதவர்கள் மல் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிக் கொள்ளலாம். போடும் முன் நாலைந்து முறை அலசிக் காய வைத்தால்தான் கஞ்சி போகும்.

முக்கோணமாக மடித்து, அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகினால் போதும். வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் சேஃப்டி பின்னுக்குக் காப்புரிமை வாங்கியது 1849-ல். நம் குழந்தைகளுக்கு அந்தப் பின்னே தேவைப்படவில்லை. குழந்தை வளர வளரக் கயிறு இறுகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தொப்புள் கொடி விழும் வரை துணியைத் தொப்புளுக்குக் கீழேயே மடித்துக் கட்டுங்கள். ஆண் குழந்தைக்கு முன்பக்கம் ஒரு மடிப்பு கூடுதலாக இருக்கட்டும்.

தினமும் துவைப்பவர்களுக்கு முப்பது துணி போதும். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த குழந்தை என்றால் ஐம்பது வைத்துக் கொள்ளுங்கள்.

பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம்

இதை மட்டுமாவது படித்துவிட்டு நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. ஆசை ஆசையாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய துணிகளையும் போர்வையையும் எடுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "குழந்தைக்குப் போடற துணியில பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தீங்களா?"

நல்லவேளை, விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போனால், இந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. அதனால் குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டையும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த துணியை மூடி போட்ட டப்பாவில் வைத்தாலே பூச்சி வராது. பச்சைக் குழந்தைக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

துவைக்கும் முறை

மலம் பட்ட துணியை உடனே கழிவறையில் உதறி, பச்சைத் தண்ணீரில் அலசி விடுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் கறை நூலில் பிடித்துக் கொள்ளும். மூத்திரத் துணியை ஒரு முறை அலசிப் பிழிந்து தனி பக்கெட்டில் போடுங்கள். தண்ணீரில் நாள் முழுக்க ஊற வைக்காதீர்கள். நாற்றம் ஏறும், கொசுவும் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, தவழும் குழந்தை பக்கெட்டை எட்டிப் பார்ப்பது. ஒரு சாண் தண்ணீர் கூடக் குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும். குளியலறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கட்டும்.

பிறகு சோப்புத் தூள் அளவோடு போட்டுத் துவைத்து, நுரை அறவே போகும் வரை மூன்று முறை அலசுங்கள். தங்கிப்போன சோப்புதான் பாதி அரிப்புக்குக் காரணம். வாரம் ஒரு நாள் அண்டாவில் கொதிக்க வைத்தால் மீதி நாற்றமும் கிருமியும் போய்விடும். வாசனைக்கும் மென்மைக்கும் போடும் திரவங்கள் நூலின் மேல் படலமாகப் படிந்து ஈரத்தை இழுக்க விடாது. அவை வேண்டாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் துணியைத் தனியாகத் துவையுங்கள். சமையலறைத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள். துவைத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்திலும் ஜாக்கிரதை. மூத்திரம் ஊறிய துணியில் அம்மோனியா உண்டாகும். அதன் மேல் பிளீச் ஊற்றினால் மூச்சைத் திணறடிக்கும் விஷ வாயு கிளம்பும். நம் அபார்ட்மென்ட் குளியலறைகளில் காற்று போக இடம் எங்கே இருக்கிறது?

கடைகளில் கவர் வைத்த துணி டயாப்பர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கவரில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உண்டு. கொதிக்க வைத்தால் படலம் உரிந்துவிடும். உள்ளே வைக்கும் பருத்தி மடிப்பை மட்டும் தனியாக எடுத்து வெயிலில் போடுங்கள்.

நம்ம ஊர் தண்ணி

போர் தண்ணியில் துவைத்த துணி அப்பளம் மாதிரி விறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படிவதால் வரும் வினை அது. கடலோரப் பக்கம் உப்பும் சேர்ந்து கொள்ளும். வழி என்னவென்றால், முதல் இரண்டு அலசலுக்குப் போர் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணியோ மழைத் தண்ணியோ ஒரு பக்கெட். தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச் போடப் போட மஞ்சள் கூடுமே தவிரக் குறையாது. வெயில்தான் மருந்து. ஈரத் துணியை மொட்டை மாடியில் விரித்தால் கறையும் வெளுக்கும், கிருமியும் சாகும்.

கறுப்பு, மஞ்சளான மழைக் காலத்தில் என்ன செய்வது? மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி முக்கால்வாசி உலர்த்தி, மீதி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கலாம். ஈரம் போகாமல் மட்டும் மடிக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கடைக்குப் போக வழியில்லாமல் டயாப்பர் பாக்கெட் தீர்ந்த வீடுகள் உண்டு. அப்போது பீரோ அடியில் இருந்த பழைய வேட்டிதான் கை கொடுத்தது. இதற்கு நேர்மாறு 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, குடம் தண்ணிக்கு வரிசையில் நின்றோம். அந்த நாளில் டயாப்பர் போட்ட தாயைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

துணியா, டயாப்பரா?

இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் துறையினர் 2008-ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். இரண்டரை வருஷத்துக்கு ஒரு குழந்தைக்கு டயாப்பரால் சுமார் 550 கிலோ கரியமில வாயு, துணியால் சுமார் 570 கிலோ. இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். அங்கே வெந்நீரில் மெஷின், உலர்த்தவும் மெஷின். மெஷின் நிறையத் துணி போட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் வைத்துக் கொண்டால் துணியின் கணக்கு 40 சதவீதம் குறையும் என்றும் அவர்களே சொன்னார்கள். நமக்கோ வெயில் இலவசம். துணி வீடு வீடாகக் கை மாறுவதும் நம் வழக்கம்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து டயாப்பர் என்றால் வருஷத்துக்கு 1,825. தென் சென்னைக் குப்பை பல காலமாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பயன்படுத்திய டயாப்பரைத் தனியாகப் பொதிந்து கொடுக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லின. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் கொடுங்கள். வெறும் கையால் குப்பையைப் பிரிப்பவரும் ஒரு தாயாக இருக்கலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் மலத் துணியை அப்படியே தள்ளிவிடாதீர்கள். உதறி, அலசியது நாமாக இருக்க வேண்டும். அது நாம் பெற்ற குழந்தை அல்லவா? குழந்தையின் அப்பாவும் இரண்டு துணி அலசினால் கை தேய்ந்து போகாது.

துணியில் இன்னொரு லாபமும் உண்டு. எத்தனை துணி நனைந்தது என்று எண்ணலாம். முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறைந்தால் பால் போதவில்லையோ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தொடை மடிப்பு சிவந்தால் சிறிது நேரம் ஒன்றும் கட்டாமல் காற்றாட விடுங்கள். சிவப்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம். பவுடர் போட்டு மூடாதீர்கள்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: பகலில் வீட்டில் துணி, ராத்திரிக்கும் வெளியூருக்கும் டயாப்பர். பெண்ணுக்கும் தூக்கம், பேத்திக்கும் காற்று. உங்கள் வீட்டில் எப்படி, தோழிகளே?

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4.